நிழற்படக் கலையில் நாம் செய்து பார்த்தவை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சமயமும் தமிழும் பேசப்படும் இம்மேடையில் கமராவைப் பற்றி ஒருவர் பேச வருவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் தொழிலுக்கு மூலப்பொருள் ஒளி ஒன்றே. இறைவனைச் சோதி வடிவாகக் கண்டு, விளக்கை ஏற்றிய பின்னரே எக்கருமத்தையும் தொடங்கும் மரபில் வந்த நமக்கு ஒளியைப் பற்றிய பேச்சு அந்நியமாகாது. 1839 ஆம் ஆண்டில் ஜோன் ஹேர்ஷல் என்னும் ஆங்கில விஞ்ஞானி இக்கலையைப் 'போட்டோகிராபி' என்று அழைத்தார். கிரேக்க மொழியில் அதற்கு 'ஒளியால் எழுதுதல்' என்பது பொருள். தமிழில் நாம் புகைப்படம் என்கிறோம், நிழற்படம் என்கிறோம், ஒளிப்படம் என்கிறோம். புகைக்கு இங்கே வேலையில்லை. நிழலும் ஒளியும் இரண்டுமே பொருத்தமான பெயர்கள்தாம். ஒன்றில்லாமல் மற்றொன்று படமாவதில்லை.

இன்று நாம் சொல்ல வந்த செய்தி ஒன்றே. படம் பிடிக்கக் கற்பிக்கும் கைந்நூல்கள் பெரும்பாலும் குளிர் தேசங்களிலே எழுதப்பட்டவை. அந்நாட்டு வெயிலையும், அந்நாட்டு நீரையும், அந்நாட்டு முகங்களையும் வைத்தே அவற்றின் விதிகள் அமைந்தன. அவ்விதிகளை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவுமில்லை, வீம்புக்காகத் தள்ளவுமில்லை. ஒவ்வொன்றாக எடுத்து நல்லூர் வெயிலிலே வைத்துப் பார்த்தோம். ஒருமுறையில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதைக் கொப்பியில் எழுதுவது, இவ்விரண்டுமே எமது வழக்கம். திகதி, நேரம், வில்லைத் துவாரத்தின் அளவு, ஷட்டரின் வேகம், வானத்தின் நிலை ஆகிய ஐந்தையும் குறித்து வைத்தால் ஒவ்வொரு படமும் ஒரு பாடமாகிவிடும்.

முன்னோர் நடந்த வழி

பரிசோதனை செய்யாத பெருங் கலைஞர் எவருமில்லை. 1850களின் இறுதியில் கப்டன் லினேயஸ் ட்ரைப் என்பவர் சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக மதுரை, தஞ்சாவூர், திருச்சி முதலிய இடங்களுக்குச் சென்று கோயில்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 1858 இல் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, பல அடி நீளமான ஒரே படமாக்கினார். அக்காலத்து இரசாயனப் பூச்சு நீல நிறத்தை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவே பதியும். ட்ரைப் சில நெகற்றிவ்களில் வர்ணம் தீட்டி மேகங்களைத் தாமே உண்டாக்கினார்.

நமது இலங்கையிலே யோசப் லோட்டன் என்பவர் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளை ஈரத்தட்டு முறையிலே படமெடுத்தார். கண்ணாடித் தட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காயுமுன்னரே படமெடுத்து, காயுமுன்னரே கழுவிவிட வேண்டும். காட்டின் நடுவே கூடாரத்தையே இருட்டறையாகக் கொண்டு அவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று.

அதே 1870களிலே, முகப் படங்களுக்குப் பேர்பெற்ற யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் இலங்கைக்கு வந்து குடியேறினார். கோல்புறூக்–கமரன் விசாரணைக் குழுவைச் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கமரனின் மனைவியார் இவர். 48 வயதிலே மகள் பரிசாகக் கொடுத்த கமராவைக் கொண்டு தொழிலைத் தொடங்கினார். அவருடைய முதல் ஸ்ரூடியோ ஒரு கோழிக்கூடு! அதைக் கண்ணாடி வீடாக மாற்றி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளியை விழவிட்டு, பல நிமிட நேரம் ஆட்களை அசையாது இருக்கச் செய்து படமெடுத்தார். கூர்மை போதாது என்று அக்காலத்துச் சங்கத்தார் குறைகூறினர். அவரோ, தாம் விரும்பிய மென்மையையே தொடர்ந்தார். இங்கு வந்த பின் கிராமத்தவர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்த சில படங்கள் எஞ்சியுள்ளன. 1879 இல் டிக்கோயாவில் மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார்.

லயனல் வென்ட் (1900–1944) கொழும்பிலே பிறந்தவர். இலண்டனிலே சட்டமும் பியானோவும் பயின்றவர். பொல் எடுத்துக்கொண்டது கமராவை. ஒளி பட்ட கடதாசியைக் கழுவும் நடுவிலே மீண்டும் ஒரு கணம் ஒளி காட்டினால் கறுப்பு வெள்ளைகள் ஓரளவு தலைகீழாகி, உருவத்தின் விளிம்பில் ஒரு கோடு தோன்றும். கமராவே இல்லாமல் பொருள்களைக் கடதாசிமேல் வைத்து நிழலெடுப்பதும் உண்டு. இவ்விரண்டையும் அவர் நன்கு பயின்றார். வயலும் கடலும் எடுத்த அதே கையால் ஸ்ரூடியோவிலும் வேலை செய்தார். 1938 இல் கொழும்பிலே 'சித்திரபோட்டோ' என்ற ஸ்ரூடியோவை நிறுவினார்.

நம்மவரான ஆனந்த குமாரசுவாமியையும் இங்கே நினைத்தல் வேண்டும். அமெரிக்காவிலே பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் அவர் பணியாற்றிய காலத்தில், 1924 இல், அல்பிரட் ஸ்ரீக்லிட்ஸ் என்னும் கலைஞரின் 27 நிழற்படங்கள் அந்நூதனசாலைக்குக் கிடைக்க வழி செய்தார். ஓவியமும் சிற்பமும் மட்டுமே கலையென்று நினைத்த காலத்தில், ஒரு நூதனசாலையின் கதவை நிழற்படத்துக்குத் திறந்துவிட்டவர்களுள் குமாரசுவாமியும் ஒருவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

வெளியிலே செய்து பார்த்தவை

வெளிப்படங்களில் நாம் முதலிற் செய்தது, கமராவைத் தொடாமலே செய்த பரிசோதனை. வளவிலே ஒரு தடியை நட்டு, ஆண்டு முழுவதும் நண்பகலில் அதன் நிழலைக் குறித்தோம். நல்லூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9 2/3 பாகையில் இருக்கிறது. ஆகவே சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் உச்சி வெயில் நேரே தலைக்கு மேல் நிற்கிறது. தடிக்கு நிழலே இல்லை. அதன்பின் ஆவணி வரையில் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆனி மாதத்தில் உச்சியிலிருந்து 14 பாகை வடக்கே. மார்கழியில் 33 பாகை தெற்கே.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தெற்கு இராசகோபுரத்துக்கு 2011 இலும், வடக்கு இராசகோபுரத்துக்கு 2015 இலும் குடமுழுக்கு நடந்தது. ஆடி ஆவணித் திருவிழாக் காலத்தில் நண்பகலிலே தெற்குக் கோபுரத்தை எடுக்கப் போகிறவர், அதன் முகம் நிழலிலே இருப்பதைக் காண்பார். வடக்குக் கோபுரமோ அப்போது வெயில் பெற்று நிற்கும். மார்கழியில் இது மாறிவிடும். தெற்குக் கோபுரத்துச் சிற்பங்களில் சாய்ந்த வெயில் பட்டு, ஒவ்வொரு உருவத்துக்கும் தன் நிழல் துணைவரும். கிழக்கு வாசலுக்குக் காலை வேளையே உகந்தது. சங்கிலித்தோப்பு வளைவிலுள்ள செதுக்கு வேலையும் அவ்வாறே: வெயில் நேரே அடித்தால் சுவர் மட்டுமே தெரியும், சாய்ந்து தடவினால் வேலைப்பாடு எழுந்து நிற்கும்.

அடுத்தது மண். நமது செம்மண் உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கத்தில் கண்ணைப் பறிக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அச்செம்மை எங்கே போகிறது? ஒரே தோட்டத்தை, ஒரே வேளையில், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று கண்ணாடிகளை வில்லைக்கு முன்னே மாற்றி மாற்றிப் போட்டு எடுத்தோம். மஞ்சளில் வானம் சற்றே கறுத்து முகில் தெரிந்தது; மண்ணும் புகையிலையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாயின. சிவப்பில் மண் வெளுத்தது, புகையிலை கறுத்தது, வானம் மழைக்கு முந்திய வானமாக இருண்டது. ஆனால் சிவப்புக் கண்ணாடி எட்டு மடங்கு ஒளியைக் கேட்கும். அதற்கேற்ப ஷட்டரை மெதுவாக்க, சோளகக் காற்றில் இலைகள் அசைந்து கலங்கின. இறுதியில் செம்மஞ்சளையே நமது தோட்டங்களுக்குரியதாகக் கொண்டோம்.

மலையும் ஆறும் நிறைந்த காட்சிகளுக்கே கைந்நூல்களில் விதி உண்டு. நம்மிடத்தில் மலையுமில்லை, வற்றாத ஆறுமில்லை. நிலம் தட்டையானது, நிமிர்ந்து நிற்பது பனை ஒன்றே. கமராவை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, அடிவானத்தைப் படத்தின் கீழ் ஓரத்துக்கு இறக்கியபோதுதான் பனை தன் உயரத்தைக் காட்டிற்று. அப்படி இறக்கினால் படத்தின் பெரும்பங்கு வானமாகிவிடும். ஆகவே வானத்தில் ஏதேனும் இருத்தல் வேண்டும். பங்குனி சித்திரையில் அது வெளிறிக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழைமுகில் திரளும்போது பண்ணைக் கடலோரத்தில் நின்றால், மலையில்லாக் குறையை முகிலே தீர்த்து வைக்கும். ட்ரைப் தூரிகையால் தீட்டிய மேகத்துக்காக நாம் மாதக்கணக்கிற் காத்திருந்தோம்.

திருவிழாவில் காவடி ஆட்டத்தையும் பல வேகங்களில் எடுத்துப் பார்த்தோம். செக்கனில் 500 இல் ஒரு பங்கு வேகத்தில் ஒவ்வொரு மயிலிறகும் தனித்தனியே தெரிந்தது. ஆட்டம் மட்டும் காணாமற் போயிற்று. 30 இல் ஒரு பங்கில் இறகுகள் சுழன்று கலங்க, ஒரு கணம் நிலைத்த முகம் மட்டும் தெளிந்து நின்றது. ஆடினவரின் பரவசம் அதிலேதான் இருந்தது. இங்கே வாலிபர்களுக்கு ஒரு சொல். கோயிலின் உள்ளே படமெடுப்பதில்லை என்பது நல்லூரின் ஒழுங்கு. அதைக் காப்பது நம் கடமை. வெளி வீதியிலும் அங்கப்பிரதட்சிணம் செய்வோர் முகத்துக்கு நேரே கமராவை நீட்டுதல் தகாது. அவர்கள் நமக்காக உருளவில்லை.

நீரும் வெப்பமும்

பிலிம் காலத்தில் எங்களை அதிகம் சோதித்தது இருட்டறைத் தண்ணீர். கழுவும் இரசாயனம் 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டுமென்று நூல் சொல்லும். நமது கிணற்று நீரோ 28 பாகையை ஒட்டி இருக்கும். அந்த வெப்பத்தில் பிலிமின் பூச்சு இளகும். படம் விரைந்து கறுக்கும். நள்ளிரவுக்குப் பின் வேலை செய்தல், மண்பானையில் நீரை ஆறவைத்தல், பேசினில் ஐஸ் கட்டியிட்டு அதன் நடுவே கழுவும் பாத்திரத்தை வைத்தல் ஆகிய மூன்றையும் அளந்து பார்த்தோம். பானை சில பாகைகளைக் குறைத்தது; ஐஸ் மட்டுமே 20 வரை கொண்டு சென்றது. ஐஸ் கிடைக்காத காலங்களில் நேரத்தைக் குறைத்து, குரோம் படிகாரத்தால் பூச்சை இறுக்கிச் சமாளித்தோம்.

இன்னொன்று, நமது நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறிய நீர். அதிலே கழுவிக் காயவிட்ட பிலிமில் வெள்ளைப் புள்ளிகள் படியும். தாழ்வாரத்தில் ஏந்திய மழைநீரில் கடைசி அலசலைச் செய்தபோது புள்ளி நின்றது. அன்று முதல் மாரி காலத்தில் சாடிகளிலே மழைநீர் சேர்ப்பது எமது வழக்கமாயிற்று.

ஸ்ரூடியோவிலே செய்து பார்த்தவை

வெளியிலே ஒளிக்காக நாம் காத்திருக்கிறோம். ஸ்ரூடியோவில் ஒளியை நம் சொற்படி நிறுத்துகிறோம். ஆனாலும் வெளியில் நட்ட தடி ஸ்ரூடியோவுக்கும் உதவிற்று. முகப்படத்துக்கு வடக்குப் பார்த்த யன்னலே சிறந்தது, அதிலே ஒருபோதும் நேர் வெயில் விழாது என்று ஐரோப்பிய நூல்கள் அடித்துச் சொல்லும். அந்த நாடுகளில் அது பெரும்பாலும் உண்மை. நல்லூரிலோ ஆனி மாதத்துச் சூரியன் கிழக்குக்கு வடக்காக ஏறத்தாழ 24 பாகை தள்ளி உதிக்கிறது. காலையும் மாலையும் வெயில் வடக்கு யன்னலாலே உள்ளே வந்துவிடும்! ஆகவே மார்கழியில் வடக்கு யன்னலையும், சித்திரை முதல் ஆவணி வரையில் தெற்கு யன்னலையும் பயன்படுத்தினோம். வேறு வழியில்லாதபோது பழைய வெள்ளை வேட்டியை யன்னலுக்குத் திரையாகக் கட்டினோம். அதனால் வந்த ஒளியின் மென்மையை எந்த விலையுயர்ந்த விளக்கும் தந்ததில்லை.

விளக்கின் தூரத்தையும் சோதித்தோம். மின்குமிழை 3 அடியிலிருந்து 6 அடிக்கு நகர்த்தினால் ஒளி பாதியாகாது; நாலில் ஒரு பங்காகும். அருகில் வைத்த விளக்கு முகத்தை ஒளிரச் செய்து பின்சுவரை இருளிலே விட்டுவிடும். தூரத்தில் வைத்தால் முகமும் சுவரும் ஏறத்தாழச் சமமாகும். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்ட பின், மலையும் மாளிகையும் தீட்டிய பின்திரைகள் எமக்குத் தேவைப்படவில்லை.

இனி நிறத்தைப் பற்றி. ஒளியளக்கும் கருவி, எதிரிலிருப்பது நடுத்தரச் சாம்பல் நிறமென்று எண்ணிக்கொண்டே கணக்குச் சொல்லும். வண்ணப் பிலிம் நிறுவனங்கள் 1950களிலிருந்து பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் படத்தையே நிறத்துக்கு அளவுகோலாக வைத்திருந்தன. நம் மக்களின் மேனியோ கறுப்பும் மாநிறமும். அதோடு உடுப்பது வெள்ளை வேட்டி. வேட்டிக்குச் சரியாக எடுத்தால் முகம் இருளும். முகத்துக்குச் சரியாக எடுத்தால் வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகும். இதற்காகவே அந்நாளில் பவுடர் பூசுவதும், நெகற்றிவில் பென்சிலால் முகத்தை வெளுப்பதும் வழக்கமாயிருந்தன. "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ" என்று கேளாதவர் குறைவு.

நாம் வேறுவிதமாகச் செய்து பார்த்தோம். பவுடரைத் துடைக்கச் சொன்னோம். யன்னல் ஒளியை ஒரு பக்கத்திலிருந்து விழவிட்டு, மறுபக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்த பலகையை வைத்தோம். கறுத்த மேனி மினுக்கத்தினாலேயே வடிவம் காட்டும்; கன்னத்திலும் மூக்கிலும் நெற்றியிலும் அந்த மினுக்கம் ஓடும்போது முகம் உயிர்பெறும். நெற்றியிலே பூசிய திருநீற்றின் மூன்று குறிகளும் நேர் ஒளியில் கலைந்துவிடும். பக்க ஒளியிலே தெளிவாக நிற்கும். ஒரு முதியவரை இரண்டு விதமாகவும் எடுத்து அவருடைய வீட்டாரிடம் காட்டினோம். வெளுத்த படத்தை "வடிவாயிருக்கு" என்றார்கள். மற்றதைப் பார்த்து, "இது அப்பு" என்றார்கள். சட்டமிட்டு மாட்டியது இரண்டாவது படத்தையே.

எடுத்ததைக் காத்தல்

அன்பர்களே, இதுவரை கூறியவை கைத்திறன் பற்றியவை. இனிக் கூறுவது அதைவிட முக்கியமானது.

ஸ்ரூடியோவிலே எடுத்த படம் எத்தனை முறை பயன்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடையாள அட்டைக்கு ஒருமுறை. கலியாணப் பேச்சுக்கு ஒருமுறை. கடைசியில் அந்தியேட்டி நாளன்று வெளியிடும் நினைவு மலரின் முதற் பக்கத்தில் ஒருமுறை. எடுக்கும்போது அது எந்தப் படமாக முடியும் என்பதை எவரும் அறியார். வென்ட் மறைந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிந்துபோயின. எஞ்சியிருந்த படங்களைக் கொண்டே 1950 இல் அவருடைய பெயரால் ஒரு நூல் வெளிவந்தது. அந்த இழப்பை விளக்கிச் சொல்ல வேண்டிய ஊர் நம்முடையதன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதோடு வீதியில் இறங்கியபோது எத்தனை அல்பங்கள் சுவரிலும் அலுமாரியிலும் தங்கிவிட்டன! திரும்பி வந்தவர்கள் பலர் வீட்டைக் கண்டார்கள், படங்களைக் காணவில்லை.

எம்மிடம் ஒரு தாய் வந்தார். பாடசாலைக் குழுப்படம் ஒன்றில் கடுகளவாயிருந்த தம் மகனின் முகத்தைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டார். அவரிடம் இருந்தது அந்த ஒரே படம். பெரிதாக்கினோம், முகம் மங்கலாகவே வந்தது. இக்காலத்தில் மங்கிய முகத்தைக் கூர்மையாக்கும் கணினிச் செயலிகள் பல உண்டு. இரண்டைக் கொண்டு செய்து பார்த்தோம். இரண்டும் கண்ணிமை வரை தெளிவான முகத்தைத் தந்தன. ஆனால் ஒன்று தந்த முகம் மற்றதன் முகமாயில்லை. படத்தில் இல்லாததை அவை தாமே இட்டு நிரப்பியிருந்தன. மூன்றையும் அந்தத் தாயின் முன்னே வைத்தோம். தெளிவான இரண்டையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ரை பிள்ளை இல்லை. அந்த மங்கலானதைத் தாங்கோ" என்றார். கீறல்களை மட்டும் துடைத்து அதையே கொடுத்தோம்.

பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டென்பதை எமக்குக் காட்டியது அந்தப் படமே. ஒளி எழுதாததை நாம் எழுதி, அதை ஒளியின் எழுத்தென்று கொடுத்தல் ஆகாது. மேகத்தைத் தீட்டலாம், ஒரு பிள்ளையின் முகத்தைத் தீட்டலாகாது. ஆதலால் மங்கிய பின் திருத்துவதைவிட, இருக்கும்போதே தெளிவாக எடுத்து வைப்பதே செய்யத்தக்கது.

இன்று ஒவ்வொரு வாலிபரின் சட்டைப்பையிலும் ஒரு கமரா இருக்கிறது. ஒரு நாளில் நூறு படம் எடுக்கிறீர்கள். கைத்தொலைபேசி பழுதானால் நூறும் போய்விடுகின்றன. ஆகவே இச்சங்கத்து வாலிபர்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்க விரும்புகிறோம். முதலாவது, வீட்டிலுள்ள மூத்தவரை யன்னலோரத்தில் இருத்தி, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் படமெடுங்கள். அவரை அவராகக் காட்டும் ஒளி எது என்று கண்டு, அந்தப் படத்தைக் கடதாசியில் அச்சிடுங்கள். பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். இரண்டாவது, சிதைந்துவரும் மந்திரிமனையையும், யமுனா ஏரியையும், நம் ஊர்க் கேணிகளையும் ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒரே இடத்தில் நின்று எடுங்கள். பத்தாண்டு கழிய அது நல்லூரின் சரித்திரமாகும். மூன்றாவது, வீட்டிலுள்ள பழைய படங்களைப் பிரதி செய்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டிலும் வையுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனம் போன்றவற்றோடு சங்கம் தொடர்புகொள்ளுமாயின், இம்மலருக்கும் அது பெருமையாகும்.

பெரியோர்களே, பிள்ளைகள் கமராவோடு வந்து நிற்கும்போது "எனக்கெதுக்குப் படம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பாதீர்கள். படம் உங்களுக்காக அன்று. பின்னால் வரும் பேரப்பிள்ளைக்காக. சற்று நேரம் யன்னலோரத்தில் இருந்து கொடுங்கள்.

 நல்லைக் கந்தன் அருளால் சங்கம் மேன்மேலும் வளர்வதாக.